நொடிக்கு முப்பது படம்

2 ஜூன், திங்கள்

இன்று காலை பூங்கொடியைத் தாராபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். மூன்று வாரமாவது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியாக நான்கு விஷயம் சொன்னாள். தினமும் பாலுக்கு உறை ஊற்ற வேண்டும். செம்பருத்திக்குத் தண்ணீர் விட வேண்டும். சிலிண்டரை மூட மறக்கக்கூடாது. நான்காவதைச் சொல்லும்போது பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க, இருபத்திரண்டாந்தேதி பதினோரு மணிக்கு ஓசூர்க்காரங்க வீடியோல பேசறாங்க. அதுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டரச் சரி பண்ணி வைங்க!"

எங்கள் மகள் தாரணிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. வயது இருபத்தைந்து. பெங்களூரில் வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே கூட வேலை செய்யும் சேந்தனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். அவனுக்கும் கேட்காது. ஓசூரில் தையல்கடை வைத்திருக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் கேட்காது. நேரில் வருவதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒருதடவை வீடியோவில் பேசிவிடலாம் என்பது தாரணியின் ஏற்பாடு. அந்த வீட்டில் பேச்சு முழுக்கச் சைகைதான்.

எனக்குச் சைகை தெரியாது. பூங்கொடிக்கு நன்றாகத் தெரியும். அவள் தாராபுரத்திலிருந்து போனில் சேர்ந்துகொண்டு எனக்குச் சொல்லுவாள். ஆகவே என் பொறுப்பு கம்ப்யூட்டர் மட்டும்.

பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. எதையும் எழுதி வைத்துச் செய்துதான் பழக்கம். அதனால்தான் இந்த நோட்டு.

3 ஜூன், செவ்வாய்

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீடு. ரசம் சுமார். கோளாறு என்ன என்பதை இன்று பதிவு செய்தேன்.

தாரணி காலேஜில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் இது. லினக்ஸ் போட்டது. பாடத்துக்கு வேண்டும் என்று தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் உள்ளே இருக்கிறது. இருந்தும் வீடியோ போட்டால் படம் விக்கி விக்கி வருகிறது. அவள் கையை மேலே தூக்குவது தெரிகிறது. அடுத்த கணம் கை மடியில் கிடக்கிறது. நடுவில் சொன்னது காணோம். காது கேட்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் படம் விட்டுப்போனாலும் குரலை வைத்து ஓட்டிவிடலாம். அவளுக்குப் படம்தான் குரல்.

போனில் பார்க்கலாமே என்று கேட்டால், நாலு பேர் முகம் வந்ததும் ஒவ்வொரு விரலும் தீக்குச்சி அளவு ஆகிவிடுகிறது. என் கண்ணுக்குப் போதாது. அதாவது, பார்க்க வேண்டியவர்களுக்குப் போதாது.

அளவு எடுத்தேன். வீடியோ ஓடும்போது ப்ராசஸர் 97 சதவீதம். விசிறி அலறுகிறது.

4 ஜூன், புதன்

லினக்ஸ் சந்தேகங்களுக்குத் தமிழிலேயே பதில் சொல்லும் குழு ஒன்றை டெலிகிராமில் பிடித்தேன். அங்கே எனக்கு வாய்த்தவர் டாக்டர் ஷஃபியா. பொள்ளாச்சியில் ஹோமியோபதி கிளினிக் நடத்துகிறாராம். நோயாளிகளுக்கு நடுவில் இதற்கும் பதில் போடுகிறார். கேள்வி கேட்கும் முறையிலேயே தொழில் தெரிகிறது.

"எத்தனை நாளா இருக்கு? எப்ப அதிகமாகுது? யாராவது ஏற்கெனவே வைத்தியம் பண்ணினாங்களா?"

திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "போட்டோ வேண்டாம் சார், எழுத்தா காப்பி பண்ணி அனுப்புங்க. எக்ஸ்ரேயோட நிழல எடுத்து அனுப்பற மாதிரி இருக்கு" என்றார்.

5 ஜூன், வியாழன்

அவர் கொடுத்த கட்டளையை அடித்து, வந்ததை அனுப்பினேன். நோய் தெரிந்துவிட்டது. கார்டு உள்ளே இருக்கிறது, மின்சாரம் போகிறது, சூடும் ஆகிறது. ஆனால் கம்ப்யூட்டர் அதை உபயோகிப்பதே இல்லை. ஒவ்வொரு படத்தையும் ப்ராசஸரே கைவேலையாக வரைந்துகொண்டிருக்கிறது.

எனக்குச் சட்டென்று விளங்கியது. கிணற்றில் ஐந்து குதிரைசக்தி மோட்டார் சும்மா கிடக்க, மேலே நாலு பேர் வாளியில் இறைக்கிறார்கள்.

6 ஜூன், வெள்ளி

டாக்டரின் பதிலுக்குக் காத்திருக்காமல், ஏதோ ஒரு பக்கத்தில் பார்த்த டிரைவரை இறக்கிப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினேன். கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

பூங்கொடி போன் செய்து கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "போயிட்டிருக்குது" என்றேன்.

தயிர் உறையவில்லை.

7 ஜூன், சனி

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. "எல்லாரும் ஒருதடவை பண்றதுதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு மூணையும் சேர்த்து அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். படமே இல்லாத, வெறும் எழுத்துத் திரை ஒன்று வந்தது. அதில் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக அடித்து, நான் போட்டதை நீக்கினேன். எழுத்துப் பிழையால் இரண்டு தடவை நின்றது. பன்னிரண்டு மணிக்குப் பழைய நிலைமை திரும்பியது. விக்கல் உட்பட.

இவ்வளவு சந்தோஷமாக ஒரு கோளாறை நான் வரவேற்றதில்லை.

8 ஜூன், ஞாயிறு

சோதனைக்கு ஒழுங்கான வீடியோ வேண்டும். செய்தி வாசிப்பவர் ஆடாமல் உட்கார்ந்திருப்பார், அதில் ஒன்றும் தெரியாது. விரலும் கையும் வேகமாக அசைகிற படமாக இருக்க வேண்டும். தேடியபோது சைகை மொழி கற்றுத்தரும் பாட வரிசை ஒன்று கிடைத்தது. மொத்தம் நாற்பது பாடம். சோதனைக்கு மிகப் பொருத்தம்.

பாடம் 1 ஓடவிட்டேன். எழுத்துகள். ப்ராசஸர் 96. முடிவு நம்பகமாக இருக்க வேண்டும் என்பதால் நான்கு முறை ஓடவிட்டேன்.

10 ஜூன், செவ்வாய்

பாடம் 3. ப்ராசஸர் 97. பாடம் 4. ப்ராசஸர் 97.

இன்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கராஜ், "என்னங்க திருமூர்த்தி, வண்டிக்குள்ள கொசுவா?" என்று கேட்டான். கை சும்மா அசைந்திருக்கிறது. காற்றோட்டம் இல்லை என்றேன். நல்ல சாரல் காற்று, எல்லா ஜன்னலும் திறந்திருந்தது.

11 ஜூன், புதன்

டாக்டர் ஷஃபியா கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டர் ஏறும்போது படிக்கும் கட்டளை வரியை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதில் 'நோமோட்செட்' என்று ஒரு வார்த்தை இருந்தது.

"இதுதான் சார் வில்லன். கார்டத் தொடாதேன்னு தினமும் கம்ப்யூட்டருக்குச் சொல்ற வார்த்தை. யார் போட்டாங்க?"

தாரணிக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். வாங்கிய புதிதில் திரை வராமல் இருந்ததாம். கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவர், இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று அதைப் போட்டாராம். படம் வந்துவிட்டது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து வருஷம்.

பாடம் 6 குடும்பம். மூக்கின் ஓரத்தில், மூக்குத்தி இருக்குமிடத்தில் தொட்டால் பெண். மேலுதட்டில் மீசையை முறுக்கினால் ஆண். அப்பாவுக்கும் அந்த மீசைதான்.

என் மீசையை நான் எடுத்தது 2003-இல். தாரணிக்கு மூன்று வயது. அப்போது பார்த்த டாக்டர், கையால் பேசிப் பழக்காதீர்கள், பழக்கினால் பிள்ளை வாய் திறக்காது, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழக்குங்கள் என்றார். உதடு நன்றாகத் தெரியட்டும் என்று அன்று மாலையே சலூனுக்குப் போய் மழித்துக்கொண்டு வந்தேன். பூங்கொடி அந்த டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த மற்ற அம்மாக்களோடு சேர்ந்து சைகை கற்றுக்கொண்டாள். நான் கேட்டேன். நான் எதையும் சொன்னபடி செய்கிறவன்.

குழந்தை என் உதட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அம்மாவிடம் ஓடும்.

ப்ராசஸர் 96.

12 ஜூன், வியாழன்

வில்லனை நீக்கினேன். மறுபடி கறுப்புத் திரை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த அதே நோய். டாக்டர் அசரவில்லை. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு கோப்பு ஒன்று இந்தக் கம்ப்யூட்டரில் ஆரம்பத்திலிருந்தே இல்லையாம். அது இல்லாமல் கார்டு கண் விழிக்காதாம். இந்தத் தடவை நான் பதறவில்லை. எழுத்துத் திரைக்குப் போகும் வழிதான் எனக்குத் தெரியுமே.

உருளைக்கிழங்கு அடிபிடித்தது.

14 ஜூன், சனி

கார்டு வேலை செய்கிறது!

அந்தச் சிறு கோப்பை இறக்கி, டாக்டர் சொன்ன இடத்தில் சேர்த்து, ஏற்றுமுறையைப் புதுப்பித்து, வில்லன் இல்லாமல் கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். இரண்டு நொடி இருட்டு. பிறகு திரை முழுக்கப் பளிச்சென்று வந்தது. எழுத்துகள் எல்லாம் சின்னதாக, கூர்மையாக. இத்தனை நாளும் பாதித் தெளிவில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டளை அடித்துப் பார்த்தேன், கார்டின் பெயர் வந்தது. தனியாக நின்று கை தட்டினேன். கேட்காதவர்கள் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டித்தான் கைதட்டுவார்கள். அப்படியும் ஒருதடவை.

டாக்டருக்கு முடிவுகளை அனுப்பினேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, "ஒரு சந்தேகம் சார். ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் பாடம் நம்பர் மாறிட்டே போகுது. ஒரே வீடியோவ வச்சு டெஸ்ட் பண்ணாத்தானே ஒப்பிட முடியும்?" என்று கேட்டார்.

அதில் நியாயம் இருக்கிறது. ஒரே நிலைமையில் சோதிக்க வேண்டும் என்று புது ஆட்களுக்கு நானே தினமும் சொல்கிறேன். அடுத்த பாடத்தை ஓடவிட்டேன்.

16 ஜூன், திங்கள்

பிரவுசர் மட்டும் இன்னும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. கார்டு தயார், ஆனால் வீடியோவைப் பிரிக்கும் வேலையை அதனிடம் கொடுக்க பிரவுசருக்கு அனுமதி இல்லை. ஒரு சிறு மென்பொருளைச் சேர்த்தேன், ஓர் அனுமதிக் குழுவில் என் பெயரையும் சேர்த்தேன், பிரவுசரில் ஓர் அமைப்பை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு சோதனை.

பாடம் 15, நொடிக்கு முப்பது படம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ப்ராசஸர் 19 சதவீதம். விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

வேலை முடிந்தது. இனி ஒன்றும் பாக்கியில்லை.

17 ஜூன், செவ்வாய்

பாடம் 16, 17, 18. நீண்ட நேரம் ஓடினால் சூடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா.

18 ஜூன், புதன்

சாயங்காலம் ஐந்தரைக்குத் தாரணியோடு சோதனை கால். வெறும் படம் சரியாக வருகிறதா என்று பார்க்க மட்டும் என்று மெசேஜில் சொல்லியிருந்தேன். வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல், அதற்கு வெளியே மரம், இலை ஆடுவதுகூடத் தெரிகிறது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். நானும் காட்டினேன். இதுவரை எங்கள் வழக்கம் அவ்வளவுதான்.

பிறகு சேந்தன் வந்து வணக்கம் சொன்னான். உயரம். கொஞ்சம் பயந்த முகம். தாரணி அவன் பக்கம் திரும்பி ஏதோ பேச ஆரம்பித்தாள். நான் உட்கார்ந்திருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் தெரியாதே. அவன் என்னைக் காட்டி ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். வேகமான சைகை. நடுவில் எனக்குப் பிடிபட்டது நான்கே நான்கு.

அப்பா. நினைப்பது. எனக்கு. தெரியாது.

கடைசியில் ஒன்று வந்தது. பாடம் 12-இல் உள்ளது. எப்போதும்.

படத் தெளிவு மிக நன்று. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. ப்ராசஸர் 22.

19 ஜூன், வியாழன்

கம்பெனிக்கு லீவு சொன்னேன். பாடம் 19 முதல் 27 வரை. மதியம் சாப்பிட மறந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்ததில் இடதும் வலதும் குழம்புகிறது. கேமராவில் என்னையே பதிவு செய்து பார்த்தேன். டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி இருக்கிறேன்.

20 ஜூன், வெள்ளி

பூங்கொடி போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம நான் என்ன சொல்லணும்னு முன்னாடியே சொல்லி வைங்க. உங்களுக்குப் பையனப் பிடிச்சிருக்குதா?"

"பிடிச்சிருக்குது."

"அப்படின்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "அத நானே பார்த்துக்கறேன்."

 அப்புறம், "செம்பருத்திக்குத் தண்ணி விட்டீங்களா?" என்றாள்.

22 ஜூன், ஞாயிறு

காலை ஆறு மணிக்கே கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டினேன். டாக்டர் ஷஃபியா அடர்ந்த நிறம் போடச் சொல்லி மெசேஜ் அனுப்பினார். வெள்ளைக்கு முன்னால் கை தெரியாதாம். இவருக்கு யார் சொன்னது? நான் ஒருநாளும் சொல்லவில்லை. கருநீலச் சட்டைக்கு மாறினேன்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பூங்கொடியிடமிருந்து மெசேஜ். 'இங்க நெட் இல்லீங்க. சேர முடியல. நீங்க பேசுங்க.'

உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. நெட் இல்லை என்ற செய்தி நெட்டில்தான் வந்திருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் அக்கா வீட்டு இட்லியைப் படம் எடுத்துப் பதினோரு மணிக்கு ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள் என்பதைச் சாயங்காலம் பார்த்தேன்.

திரையில் நான்கு பேர். தாரணி, சேந்தன், அவன் அப்பா அர்ச்சுனன், அம்மா வேதவல்லி. அர்ச்சுனன் கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட. தாரணி அம்மா எங்கே என்று எனக்கு மெசேஜ் அடித்தாள். நெட் இல்லையாம் என்று திருப்பி அடித்தேன். அவள் முகம் வாடிப்போனது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்லக் கையைத் தூக்கினாள்.

நான் என் கையைத் தூக்கினேன்.

வணக்கம் சொன்னேன். என் பெயர் என்று சொல்லி ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன். திருமூர்த்தி ரொம்ப நீளமான பெயர் என்பது இன்றுதான் தெரிந்தது. தாரணியின் அப்பா என்றேன். உங்களைச் சந்தித்ததில் சந்தோஷம் என்றேன்.  நொடிக்கு முப்பது படத்திலும் விரல் தடுமாறிய இடமெல்லாம் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

தாரணி அசையவில்லை. படம் உறைந்துவிட்டது என்றே நினைத்தேன். பயந்துபோய்த் திரை மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண்ணைப் பார்த்தேன். முப்பது. அவள் பின்னால் இலை ஆடிக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன்தான் முதலில் பதில் சொன்னார். மெதுவாக, எனக்காகவே, ஒவ்வொன்றாக. உங்கள் பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பையன் எப்படி?

இதற்குத்தான் நான் தயாராக இருந்தேன். நல்ல பையன், எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். சேந்தன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த உற்சாகத்தில், கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டேன். கேட்டதாக நினைத்தேன். கைகள் சேர வேண்டிய இடத்தில் மோதிவிட்டன. சண்டையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன்.

வேதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அர்ச்சுனன் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியையும் தன்னையும் காட்டி, இரண்டும் ஒன்றுதான், முப்பது வருஷமாக நடக்கிறது என்றார். அது எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது.

ஆடி கழிந்து ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் நேரில் வருகிறார்கள். எனக்குச் சட்டை தைக்க அளவு வேண்டுமாம். நாடாவைத் தூக்கிக் காட்டினார்.

அவர்கள் மூவரும் போன பிறகும் தாரணி இருந்தாள். கண் சிவந்திருந்தது. எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். கம்ப்யூட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன் என்றேன். உண்மைதானே.  அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, சம்பந்தமே இல்லாமல் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். அவள் ஆபீஸ் கதை. சின்ன வயதில் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லுவாளே, அப்படி, முகம் முழுக்கக் கதை.

முதல் தடவையில் எனக்குக் கிடைத்தது ஒரு பூனையும் ஒரு லிஃப்டும் மட்டும். மறுபடி சொல் என்றேன். சொன்னாள். இந்தத் தடவை கதைக்குள் மேனேஜரும் வந்து சேர்ந்தார். மறுபடி என்றேன். கொஞ்சமும் சலிக்காமல் மூன்றாம் தடவையும் சொன்னாள்.

கால் முடிந்தபோது ஒரு மணி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. ப்ராசஸர் எவ்வளவு என்று பார்க்கவில்லை.

25 ஜூன், புதன்

பூங்கொடி வந்துவிட்டாள். தயிரைப் பார்த்தாள், புதிதாகப் பாலுக்கு உறை ஊற்றினாள். செம்பருத்தியில் மூன்று பூ. நெட் விஷயமாக நான் ஒன்றும் கேட்கவில்லை. இட்லி நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்டேன். பையிலிருந்து துணிகளை எடுத்து வைப்பதில் ரொம்ப மும்முரமாகிவிட்டாள்.

மதியம் சாப்பிடும்போது, "அன்னிக்கி அவ்வளவு நேரம் அப்பனும் மகளும் என்னதான் பேசினீங்க?" என்றாள்.

பூனைக் கதையைச் சொன்னேன். ஏழாவது மாடிக்கு லிஃப்டில் தினமும் தானாகவே வரும் பூனை. புதிதாக வந்த மேனேஜர் தனியாக ஏறிக் கதவு மூடியதும் காலடியில் ஏதோ உரச, அவர் போட்ட சத்தம். கேட்காத ஐந்து பேர் வேலை செய்யும் அறையில் அந்த ஐந்து பேரைத் தவிர எல்லோரும் எழுந்து ஓடியது. என்ன நடந்தது என்று தெரியாமல் தாரணியும் சேந்தனும் காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் பூனை மட்டும் நிதானமாக நடந்து வந்து மேனேஜர் நாற்காலியில் படுத்துக்கொண்டது. அன்றுதான் இவர்கள் இருவரும் முதல்முதலாகப் பேசிக்கொண்டார்களாம்.

பூங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். ரசத்தை ஊற்றப்போன கரண்டி அப்படியே கையில் நின்றது.

"ஏனுங்க," என்றாள், "இத எங்கிட்ட அவ சொல்லவேயில்லியே!"